உடைந்த ஊசி

காலர் மடிப்பில் ஊசி உடைந்தது. சுருட்டை மிதியிலிருந்து காலை எடுத்தாள். எவ்வளவு அழுத்தி வாரினாலும் தொப்பிக்குள் அடங்காத முடியால் அந்தத் தையல் தொழிற்சாலையில் அவளுக்கு அந்தப் பெயர். ஊசி உடைந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை வரிசை முழுவதும் நிற்கும். நின்றால் மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். மேல்பாதி இயந்திரத்திலேயே இருந்தது, நுனியைக் காணவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையில் வைத்திருந்த வேறு ஊசியை மாட்டித் தைக்கத் தொடங்கினாள்.

நுனி காலருக்குள் இருந்தது. அடுத்த இயந்திரத்தில் அந்தக் காலரைச் சட்டையோடு சேர்த்துத் தைத்தவள் அக்கா. சொந்த அக்கா அல்ல, பக்கத்து வீட்டுக்காரி; சுருட்டையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். தைத்த சட்டைகளில் உலோகத் துண்டு தேடும் சோதனைக் கருவி கத்தியதும் சட்டை அவள் மடியில் வந்து விழுந்தது. தன் ஊசி உடையவில்லை என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றே வேலையை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுருட்டை குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திருவிருந்து. போதகர் எல்லோரையும் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்கச் சொன்னார்; மனதில் குற்றமோ பகையோ இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வரச் சொன்னார். வரிசை வரிசையாக எழுந்து அப்பம் வாங்கப் போனார்கள். சுருட்டை எழவில்லை. காலியான பெஞ்சின் அந்தக் கோடியில் இன்னொருத்தியும் உட்கார்ந்திருந்தாள். அக்கா.

ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் சுருட்டை போய் நின்றாள்.

"அக்கா, அந்த ஊசி என்னோடது."

"தெரியும்டி. நீ மாட்டுனதப் பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீயே எந்திரிச்சுச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ தலையே தூக்கல." அக்கா செருப்பை மாட்டாமல் நின்றாள். "அதுலேர்ந்து ஜெபம் பண்ண முழங்கால் போட்டா, உன்னத் திட்டத்தான் வாய் வருது. அதான் நானும் பந்திக்குப் போகல."

சுருட்டைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். வேலை போய்விடும், உனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, யோசித்துக்கொள் என்றாள் அக்கா. யோசித்து யோசித்துத்தான் சோறு இறங்கவில்லை என்றாள் இவள். அக்கா செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டாள். பிறகு இவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

போதகர் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். இருவரையும் பார்த்தார். மடித்த வெள்ளைத் துணியை மறுபடி விரித்து, மிச்சமிருந்த அப்பத்தைப் பிட்டு இருவர் கையிலும் வைத்தார்.

மறுநாள் முதலாளி பொறுமையாகவே கேட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். அக்காவின் இயந்திரத்தில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள், இனி எழுப்ப முடியாது என்றார். மறைத்த ஆளையும் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

வெளியே வாசலில் அக்கா நின்றிருந்தாள். வரச்சொல்லி யாரும் கேட்டிருக்கவில்லை. நடந்ததைக் கேட்டதும் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு சிரித்துவிட்டாள்.

"போச்சு போ. ஒரு வேலை தேடிட்டிருந்தேன். இப்ப ரெண்டு தேடணும்."

சுருட்டைக்கும் சிரிப்பு வந்தது. ஊசி உடைந்த நாளுக்குப் பிறகு அவள் நெஞ்சு இப்படி லேசாக இருந்ததில்லை. தெரு தெருவாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். வேறொரு தையல் தொழிற்சாலை வாசலில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. காவலாளி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு ஆள்தாம்மா வேணும். யாரு வரீங்க?"

"இவ நல்லா தைப்பா" என்றாள் அக்கா. அதே நேரத்தில் சுருட்டையின் கை அக்காவின் முதுகில் பதிந்து அவளை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நகரவில்லை. காவலாளி இரும்புக் கதவை ஒருத்தி நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து பிடித்தபடி நின்றார்.