மூன்று வாரம் காணாமல் போன தண்ணீர்

1934 டிசம்பரில் அல்சூர் ஏரியிலிருந்து எழுந்த பனி தெருக்களுக்குள் புகுந்து, வெயில் ஏறின பிறகும் கலையாமல் நின்றது. ஏரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் செய்துவந்த ஹெர்பர்ட்டுக்கு அந்தப் பனி பிடிக்கும். பனியில் எல்லோருமே கொஞ்சம் தடுமாறுகிறார்கள். பக்கத்தில் வந்தால்தான் யார் என்று தெரிகிறது. அவனுக்கு வருஷம் முழுக்க அப்படித்தான், கண்ணில் இல்லாமல் காதில்.

ரயில்வே பட்டறையில் பன்னிரண்டு வருஷம் பாய்லர் தகடுகளுக்கு ரிவெட் அடித்தவன். அந்த இரைச்சலில் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயின. முதலில் சிட்டுக்குருவி. அப்புறம் கொசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், நற்கருணையை உயர்த்தும் நேரத்து எழுந்தேற்ற மணி அடித்தது தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான். முன்வரிசை முழுக்க முழங்காலில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவனும் முழங்காலிட்டான். லாரி, தவில், ஆண்களின் பேச்சு எல்லாம் மிச்சம் இருந்தன. பெண்கள் பேசினால் உதட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வான். தண்ணீருக்கடியில் உட்கார்ந்து பார்ப்பதுபோல உலகம் மெத்தென்று, தூரத்தில் நகர்ந்தது. சில சாயங்காலங்களில் அது சுகமாகக்கூட இருந்தது. ஆனால் காது போன மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? முப்பத்தாறு வயதில், கல்யாணமில்லாத அந்த மனுஷன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

நோரா டீச்சர் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பியானோ கற்றுக்கொடுப்பவள். அவளுடைய தம்பி ரங்கூனுக்கு வேலைக்குப் போகும்போது தன் பத்து வருஷப் பழைய மோட்டாரை அவளிடம் விட்டுப் போயிருந்தான். அதை ஓட்டிக்கொண்டு சனிக்கிழமைதோறும் ஆனேக்கல்லுக்குப் போய், அங்கே சின்ன மாதா கோயிலில் பாட்டுக் குழுவைப் பழக்கிவிட்டு வருவாள். மூன்று வாரமாக வண்டி தண்ணீர் குடித்தது. பத்து மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி, பின்சீட்டில் இருக்கும் குடத்திலிருந்து ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டியிருந்தது.

ஹெர்பர்ட் ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் பற்றவைத்தான். ரப்பர் குழாய்களை மாற்றினான். தண்ணீர் பம்பின் கழுத்தில் கசியாமலிருக்கக் கொழுப்புத் தடவிய புதுக் கயிறு சுற்றினான். அடுத்த சனிக்கிழமையும் குடம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

"ஒரு சொட்டு கீழ விழல டீச்சர். ஆயில்ல தண்ணி கலக்கல. புகையும் வெள்ளையா வரல. ஆனா தண்ணி போவுது."

"எங்க போவுது?"

"அதான் தெரியல."

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க," என்றாள் நோரா. கோபமில்லை, களைப்பு.

"வெள்ளிக்கிழமை காலைல நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். தொம்மலூர் வீடுகள் பனிக்குள் பாதி கரைந்து நின்றன. மாட்டுவண்டிகள் திடீரென்று எதிரில் உருவாகி, பக்கத்தில் வந்து, மறுபடி ஒன்றுமில்லாமல் போயின. நோரா நிதானமாக ஓட்டினாள். எங்கேயும் போய்ச்சேர வேண்டியதில்லை என்பதுபோல அந்தப் பயணம் நீண்டது. ஹெர்பர்ட் வேலைக்கு வந்ததையே ஒரு கணம் மறந்தான்.

அகரம் ஏரிக்கரையில் எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது. "நிறுத்துங்க. எஞ்சினை அணைக்காதீங்க," என்று இறங்கிப் போய் எஞ்சின்மேல் மூடியைத் தூக்கினான். நோராவும் இறங்கி வந்தாள். இரண்டு பேரும் குனிந்தார்கள். எங்கும் ஈரமே இல்லை.

"அது என்ன சத்தம்?" என்றாள் நோரா.

"வால்வ் சத்தம் டீச்சர். பழைய வண்டி இல்லையா, இருக்கும்."

"அது இல்ல. தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா வருமே, அந்த மாதிரி. இதோ... இதோ, இன்னொண்ணு." அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான், அவள் சொல்லும் இடத்தில் இல்லாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ஹெர்பர்ட், உங்களுக்குக் கேக்கலியா?"

எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்கள் வாய்வரை வந்தன. ஏரிமேல் பனி மெல்ல உருண்டுகொண்டிருந்தது.

"கேக்கல," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு வருஷம் ஆவுது. சின்னச் சத்தம் எதுவும் கேக்காது."

அவன் அனுதாபத்துக்குத் தயாராக நின்றான். அவளோ சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, எஞ்சின் பக்கம் சாய்ந்தாள்.

"கை வெக்காதீங்க, சுடும்."

"வெக்கல. பேசாம இருங்க."

முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக அவள் தலை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. ஒரு இடத்தில் தயங்கி, திரும்பி வந்து, நின்றது. "இங்க. இந்தத் தடிச்ச குழாய்க்குப் பின்னாடி."

புகை வெளியேறும் இரும்புக் குழாய் அது. அதன் பின்னால் கண் எட்டாது. நோரா கைப்பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். ஹெர்பர்ட் அதை ஒரு கம்பி நுனியில் கட்டி உள்ளே விட்டு, டார்ச்சைக் காட்டினான்.

எஞ்சின் பக்கவாட்டில், எட்டணாக் காசு அளவில் ஒரு தகடு தெரிந்தது. எஞ்சினை வார்க்கும்போது விடப்பட்ட ஓட்டையை அடைக்கும் மூடி. துருப்பிடித்த அதன் நடுவில் ஊசிமுனை ஓட்டை. அங்கே ஒரு துளி முளைத்து, பருத்து, விழுந்தது. கீழே நன்றாகச் சூடாகிக் கிடந்த குழாயில் பட்டதும் அது இல்லாமல் போயிற்று. தரைக்கு வருவதற்கு முன்பே ஆவி. மூன்று வாரத் தண்ணீரும் இப்படித்தான், சொட்டுச் சொட்டாக, பனியோடு பனியாய்க் கலந்து போயிருக்கிறது.

"எஞ்சின் ஆறினா உப்பு படிஞ்சு ஓட்டை மூடிக்கும்," என்றான். "கொட்டகைல நான் பாக்கறப்பல்லாம் அது மூடித்தான் இருந்திருக்கு."

குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். நோராவுக்கு அன்று காலையில் வகுப்பு இல்லை, கொட்டகையிலேயே இருந்துவிட்டாள். எஞ்சின் ஆறியதும் ஹெர்பர்ட் குழாயைக் கழற்றினான். துருப்பிடித்த மூடியைத் தட்டிப் பெயர்த்து, ஓட்டையின் விளிம்பைச் சுரண்டித் துடைத்தான். பித்தளைத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் லேசாகக் குழித்து, ஓரத்தில் வெள்ளை ஈயப் பசையைத் தடவி ஓட்டையில் பொருத்தினான். நடுவில் அடித்தால் தகடு விரிந்து விளிம்பைக் கவ்வும். அடி குறைந்தால் ஒழுகும். அதிகமானால் தகடே கிழியும். சுத்தியலைக் கையில் எடுத்தவன் நோராவைப் பார்த்தான்.

"நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது அடிக்கு அவள் கையை உயர்த்தினாள்.

"போதும். மொதல்ல வெத்துப் பானைய தட்டின மாதிரி இருந்துச்சு. இப்ப சத்தம் கெட்டியாயிடுச்சு."

குழாயை மாட்டி, தண்ணீர் நிரப்பி, அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார்கள். நோரா ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். தோசைக்கல் சத்தம் வரவில்லை.

"வேற என்ன கேக்குது?" என்று கேட்டான் ஹெர்பர்ட்.

எஞ்சினைக் கேட்கிறானோ என்று முதலில் நினைத்தாள். பிறகு புரிந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். "பக்கத்து வீட்டுல யாரோ அரிசி புடைக்கறாங்க. ஒரு வளையல் சத்தம், அதோட சேர்ந்து. கூரைமேல அணில் ஓடுது... நின்னுடுச்சு... இப்ப கத்துது. தூரத்துல சைக்கிள் மணி. ஏரில யாரோ துணி தோய்க்கறாங்க, அடி விழுந்து கொஞ்சம் கழிச்சு எதிரொலி வருது."

அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அரிசி, வளையல், அணில் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. கொட்டகையைச் சுற்றி நாலா பக்கமும் ஊர் இருப்பது ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குத் தெரிந்தது. நோரா சொல்லி முடித்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் அவனும் ஆனேக்கல்லுக்குப் போனான். வண்டி வழியில் நின்றுவிட்டால் பார்த்துக்கொள்ள என்று சொல்லிக்கொண்டான். வண்டி நிற்கவில்லை. அத்திபெலேயில் காப்பி குடிக்க நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் ஊற்றின மட்டத்திலேயே நின்றது, அதில் ஒரு துண்டு வானம் தெரிந்தது.

"ரிப்பேருக்கு வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க," என்றாள் நோரா, தம்ளரை வைத்துவிட்டு.

"சொன்னா வர மாட்டாங்க டீச்சர்."

"எனக்கு நேத்தே தெரியும். இன்னிக்கு உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தானே ஓட்டறேன்?"

மிச்ச வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை ஓசூரிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். "உள்ள என்னமோ கீச்சுகீச்சுனு கத்துது மேஸ்திரி. சொல்ப, கொஞ்சம் பாருங்க."

வழக்கமாகத் தலையாட்டிவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றத் தொடங்குவான். அன்று சாக்குத் துணியில் கையை நெடுநேரம் துடைத்தான்.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்காதுங்க. காது போச்சு. நீங்க கேட்டுச் சொல்லுங்க, முன்னாடியா, பின்னாடியா?"

லாரிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் ஹெர்பர்ட் நினைத்தான். அவர் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, எஞ்சின்மேல் குனிந்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.

"முன்னாடி. இடது பக்கம், பெல்ட்டுகிட்ட."

ஹெர்பர்ட் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் போனான்.