குடும்பத்தார் கேட்கக் கூடாத பதிவு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன், கிடைக்கவில்லை.

உள்ளூர் வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் தையல் ஆலைதான் இந்த ஆண்டு வகுப்புக்கே ஆய்வுப் பொருள். அங்கே வேலை பார்த்தவர்களைப் பேட்டி எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சொந்த வீட்டாரை எடுக்கக் கூடாது என்பது பேராசிரியையின் விதி. அந்த ஆலையில் சட்டைக் காலர் தைத்த என் அம்மா, அதனால், என் வகுப்புச் சுருட்டைமுடிக்காரிக்குப் போனாள்.

2

(முதல் தொடக்கம்: "மழை தூறிய ஒரு மாலையில் அம்மா தன்..." மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

சுருட்டை வந்த அன்று அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தால், இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு நல்லாக் கேக்குதுடி" என்றாள் அம்மா, அவள் போனதும்.

"நான் கேட்டா மட்டும் அதெல்லாம் இப்ப எதுக்குன்னு சொல்லுவியே?"

"நீ கேக்கறப்பல்லாம் அடுப்புல ஏதாவது இருக்குது."

3

பேட்டி கொடுப்பவர் நிபந்தனை போடலாம். அம்மா போட்டாள். பதிவுகள் போய்ச் சேரும் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தான் உயிரோடு இருக்கும்வரை குடும்பத்தார் கேட்கக் கூடாது.

வகுப்பில் அந்தப் பதிவை ஓடவிடும் நாளில் பேராசிரியை என்னைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் வெளியில இரும்மா."

வராந்தாவில் நின்றேன். உள்ளே வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் அம்மா இத்தனை பேரைச் சிரிக்கவைப்பாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு சத்தமே இல்லை. கதவைத் திறந்து வந்த சுருட்டை என் கையைப் பிடித்து, "உங்க அம்மா..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.*

* சுருட்டையைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஒத்துழைக்க மறுக்கிறாள். நல்ல பெண். அது இன்னும் எரிச்சல்.

4

இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்:

அ) ஆலையில் அம்மாவுக்கு ஒரு காதல். (மலிவு.)

ஆ) ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு அவள்தான் தலைமை. (எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

இ) அது என்னைப் பற்றி.

இந்த மூன்றாவதை நேற்று நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"அதுல என்னைப் பத்தி ஏதாவது சொன்னியாம்மா?"

"எல்லாத்துலயும் நீ இருக்கணுமாடி?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

ஆகவே வாசகரே, நீங்கள் அவள் வயிற்றில் பிறக்கவில்லை. உங்களுக்குத் தடை இல்லை. காப்பகத்துக்குப் போய்க் கேளுங்கள். என்னிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்பதை மட்டும்...