பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. "இன்னும் சரியாகலைக்கா, கொஞ்சம் பொறு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். உண்மையில் சரியாகிவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று அவளுடைய கம்ப்யூட்டரிலேயே இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்ன கையோடு கதை. என் பிழைப்பே இதுதான்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"பார்வையற்ற ஒரு பெண், இருளின் நடுவே…" (சீ. அக்கா கேட்டால் செருப்பைத் தேடுவாள்.)

"ஐந்து ஸ்பீக்கர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி…" (இது பரவாயில்லை, ஆனால்

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவாள். ஒரே ஒரு பழைய கேம். சுரங்கப்பாதை, காவல்காரர்கள், காலடிச் சத்தம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு.* சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பிச் சுடுவாள். கண் தெரிந்த நான் அவளிடம் தோற்றுத் தோற்று மானம் போனவள்.

(* ஆறாவதாக ஒரு பெட்டி உண்டு, தும் தும் என்று அதிர்வது. அத்தான் அதன்மேல் டம்ளரை வைத்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் அக்காவின் வீட்டுக்காரர், லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர்.)

3

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் மண்டையைப் போட்டது. அத்தான் ஆசையாகப் புதியது வாங்கி வந்தார். அன்றிலிருந்து அக்கா முதல் வளைவிலேயே செத்தாள். எல்லாக் காலடியும் முன்னாலிருந்தே வந்தது. "என் காது போகுதுடி" என்றாள். சாலையைத் தனியாகக் கடப்பதை நிறுத்தினாள். லாரி கம்பெனியில் ஃபோன் எடுக்கும் வேலைக்கு லீவு போட்டாள். காது டாக்டர் பார்த்துவிட்டு, வயசுக்கு இது சகஜம் என்றார். "சத்தம் கேக்குதான்னுதான் கேட்டாரு. எந்தப் பக்கமிருந்துன்னு கேக்கவே இல்லையே" என்றாள்.

நான் உட்கார்ந்து தேடினேன். (ஒரு பத்திக்குக் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) அந்தக் காலத்துக் கேம்கள், சத்தம் எந்தத் திசை என்பதை நேராக சவுண்ட் கார்டிடமே சொல்லும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். கேம் பாவம், பின்னால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாமல் எல்லாவற்றையும் முன்னால் கொட்டுகிறது. கேம் இருக்கும் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலைப் போட்டால், அது இடையில் நின்று பழைய பேச்சைப் புதியதற்குப் புரியவைக்கும்.

"அக்கா, உன் காது இல்ல! கம்ப்யூட்டர்தான்!"

சிரித்துக்கொண்டே அழுதாள். "அப்ப சரி பண்ணு. ஒரே ஒரு ஆட்டம். ஆடிப் பாத்துட்டு நாளைக்கே வேலைக்குப் போறேன்."

4

அவள் குளிக்கப் போயிருந்தபோது ஃபைலைப் போட்டுச் சோதித்தேன். பின்னால் வரும் காலடி பின்னாலேயே கேட்டது! துள்ளிக் குதித்துத் திரும்பினால், வாசலில் அத்தான்.

"அவகிட்ட சொல்லிடாதம்மா."

"ஏன் அத்தான்?"

"பழைய கம்ப்யூட்டர் நல்லா இருந்தப்பவே, சமையலறையில அவளுக்கு இடது பக்கம் நின்னு கூப்பிட்டேன். வலது பக்கம் திரும்பினா. ஒரு தடவை இல்ல." கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "இப்பவாவது பழி போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டுமே."

அதற்குள் குளியலறையிலிருந்து "சரியாச்சாடி?" என்று அக்கா குரல் கொடுத்தாள். அதனால்தான் அந்தப் பொய்.

5

முடிவு: அக்கா சரியாகத் திரும்பிச் சுடுகிறாள். நாளைக்கு வேலை. (எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

வேறு முடிவு: ஃபைலை அழித்துவிடுகிறேன். பழி கம்ப்யூட்டர்மேல். காதில் குறையில்லை என்று நம்பி அவள் சாலையில் இறங்குகிறாள். லாரி வரும் பக்கம் (ஐயோ, வேண்டாம்.)

இன்னொன்று: அவள் தப்பான பக்கம்

6

"என்னடி எழுதுற?"

நாற்காலிக்குப் பின்னால் அக்கா, ஈரத் தலையோடு. "ஃபைல் தேடறப்ப விட்டு விட்டுத் தட்டுவ. இது கதை தட்டுற சத்தம். சரியாயிடுச்சு, இல்ல?"

இந்தக் காதா போகிறது? ஆனால் என்ன சத்தம் என்று தெரிவது வேறு, எந்தப் பக்கம் என்று தெரிவது வேறு.

"ஆயிடுச்சுக்கா."

"எந்திரி."

7

(நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். மீதியை ஃபோனில் எழுதுகிறேன்.)

"யாரும் மூச்சு விடக்கூடாது" என்றாள். அத்தான் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முதல் வளைவு. பின்னால், இடது பக்க ஸ்பீக்கரில், காலடி. தெளிவாக, எனக்கே கேட்டது.

அக்கா திரும்பவில்லை. சுடவில்லை. தலையை இப்படியும் அப்படியும் லேசாகச் சாய்த்தாள். பிறகு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்தாள்.

"எந்தப் பக்கம்டி?" என்றாள், மெதுவாக.

அத்தான் என்னைப் பார்க்கிறார். என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, முதல் பத்தியில் சொன்ன அதே பொய்: இன்னும் சரியாகலைக்கா. மற்றது: பின்னால, இடது பக்கம்.

அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். நீங்களே சொல்லிவிடுங்கள்.