யாரும் தொடாத மேசை

நான் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர். எங்களுக்கென்று ஓர் இருட்டறை, ஒரே ஒரு மேசை, அதன்மேல் இரண்டு திரைகள். காலையில் துறைத் தலைவர் உட்காருவார், மதியத்துக்கு மேல் நான். அவர் ஆறடி. நான் ஐந்தடிக்கே எக்க வேண்டும்.

அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து நரம்பு நசுங்கி, வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. "இப்படியே உட்கார்ந்தீங்கன்னா அப்புறம் உணர்ச்சி திரும்பாது," என்று நரம்பு டாக்டர் பயமுறுத்தினார். நிஜமாகவே பயந்துபோனேன். நிர்வாகத்தோடு தொண்டை கிழியக் கத்தி, பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் மேசை ஒன்றை வாங்க வைத்தேன்.

வந்த அன்று மதியம் ஆசையாகப் போய் உட்கார்ந்தால், மேசை என் நெஞ்சுக்கு நிற்கிறது! தலைவர் வைத்துக்கொண்ட உயரம். மாற்ற எனக்குக் கை வரவில்லை.

"இறக்கிக்கோ. கிளம்பும்போது பழையபடி ஏத்தி வெச்சிடு," என்றார் என் கணவர்.

"நுரையீரல்ல கடுகளவு கட்டி இருந்தாலே கண்டுபிடிக்கிற மனுஷன். மேசை அசைஞ்சது தெரியாதா? சும்மா இருங்க!"

மறுபடி அண்ணாந்தேன். மாதங்கள் ஓடின. ஒருநாள் நரம்பு டாக்டரின் அறை வாசலில், கழுத்தில் பட்டையோடு தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, என்ன சார் இது?"

"எல்லாம் உன்னாலதான்மா. அவ்வளவு தாழ்த்தி வெச்சா நான் கூன் போட்டுத்தானே படம் பார்க்கணும்? பாவம், கழுத்து வலிக்காரி வெச்சதாச்சேன்னு தொடாம விட்டேன்."

"சார், நான் தொடவே இல்ல! நீங்க வெச்சதுன்னு நெனச்சேன்."

மேசையை மாட்டிய ஆள் விட்டுப்போன உயரம் அது. இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுத்து வலிக்கவே பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

நேராக இருட்டறைக்குப் போனோம். "நீயே அழுத்தும்மா," என்று அவர் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். வலது கை விரலால் அழுத்தினேன். மேசை மெல்ல இறங்கி, என் முழங்கைக்கு அச்சாகப் பொருந்தியது. அதையும் தாண்டி இறங்கிக்கொண்டே போனது.

"போதும்மா, விரலை எடு," என்றார்.

எடுத்துவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.