ஒரு பக்கம் சரிந்த மேடம்

அதிபர் கனகசபாபதிக்கு இரண்டு விஷயங்களில் அசையாத நம்பிக்கை. ஒன்று, கல்லூரிக் காலத்திலிருந்து அவர் வளர்த்துவரும் மீசை. மற்றது, சாயம் பூசிக்கொண்டு ஒருவரும் இங்கிலிசு படிக்க முடியாது என்பது.

"டீச்சர், சாயம் பூசுறது சித்திரப் பாடம். இங்கிலிசுப் பாடத்திலை இங்கிலிசு கேக்கவேணும்," என்றார் பிரதீபாவிடம். "வியாழக்கிழமை வகுப்புப் பாக்க ஆலோசகர் மேடம் வாறா. அவவுக்கு முன்னாலை பிள்ளையள் வாய் திறந்து ஒரு வசனம் சொல்லவேணும். இல்லையெண்டால் சாயப் போத்தல் எல்லாம் அலுமாரிக்குள்ளை, பூட்டின திறப்பு என்ரை பொக்கற்றுக்குள்ளை."

"ஓம் சேர்," என்றாள் பிரதீபா. வேறு என்ன சொல்வது? வல்வெட்டித்துறைக் கடற்கரையோரப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அது. இடைவேளையில் கடலிரைச்சலையே அமுக்கிவிடும் பிள்ளைகள். இங்கிலிசுப் பாடம் தொடங்கினால் மட்டும் அத்தனை வாயிலும் கொழுக்கட்டை. கேள்வி கேட்டால் மேசைக்குக் கீழே குனிந்து அழிறப்பர் தேடுவார்கள். சாயம் வந்த பிறகுதான் தலைகள் மேசைக்கு மேலே தெரிந்தன. அதையும் பிடுங்கிவிட்டால் அந்த வகுப்புக்குள் போகத் தனக்கே மனம் வராது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கிழமைப் பாடம் சமச்சீர். தாளை மடித்து, ஒரு பக்கத்தில் சாயத்தை விட்டு, அமுக்கி விரித்தால் வண்ணத்துப்பூச்சி. உடனே "போத் சைட்ஸ் ஆர் த சேம்" என்று சொல்லவேண்டும். பிசகிப்போனால் "நாட் த சேம்". வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, வசனம் வரவில்லை.

நிருஷன் மட்டும் தன் வண்ணத்துப்பூச்சியைச் சந்தேகத்தோடு பார்த்தான். அவன் பட்டம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை. தைப்பொங்கலுக்கு அவன் தகப்பன் ஏற்றும் பட்டத்தைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். பென்சில் முனையால் தாளின் நடுவில் துளை போட்டு, நூல் கட்டித் தூக்கினான். வண்ணத்துப்பூச்சி இடப்பக்கம் சரிந்தது.

"டீச்சர், உது ஏறாது. ஒரு பக்கம் கனம், தலைகீழாக் குத்தும்."

"அதை ஏத்தத் தேவையில்லையடா. பாக்கிறதுக்குத்தான்."

"ஏறாத சாமானை என்னத்துக்குச் செய்யிறது?"

கல்வியியற் கல்லூரியில் இதற்கு விடை சொல்லித்தரவில்லை. நிருஷன், பட்டக்காரர் செய்வதுபோல, கனம் குறைந்த சிறகில் ஒரு துணித்துண்டைக் கட்டினான். மறுபடி தூக்கினான். நேராக நின்றது. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "போத் சைட்ஸ் ஆர் த சேம்," என்று தனக்குள் முணுமுணுத்தான்.

பிரதீபாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில்தான் பிழை விட்டாள். "எல்லாரும் இப்பிடித் தூக்கிப் பாருங்கோ," என்றாள்.

அதோடு வகுப்பில் தொங்காத சாமான் இல்லை என்றாகிவிட்டது. கோடு போடும் அடிமட்டம் தொங்கியது. சாப்பாட்டுப் பெட்டி தொங்கியது. யாரோ ஒருவருடைய கால் சப்பாத்தும் தொங்கியது. சரிந்ததற்கெல்லாம் எதையாவது கட்டி, ஒருவர் காதில் ஒருவர் "சேம்" என்றார்கள். டீச்சர் கிட்டப் போனால் மறுபடியும் கொழுக்கட்டை.

வியாழக்கிழமை ஆலோசகர் குணலட்சுமி மேடம் வந்தார். பருத்தித்துறை தொடக்கம் அத்தனை பள்ளிக்கூடத்துக் கோப்புகளையும் அடைத்த தோற்பை அவருடைய இடது தோளில் தொங்கியது; ஆள் அந்தப் பக்கமே சரிந்து நின்றார். வருகிற வழியிலேயே அதிபர் சாயக் கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று மேடம் கேட்டார். தலைகள் குனிந்தன. "ஹவ் ஓல்ட் ஆர் யூ?" இரண்டு பேர் அழிறப்பர் தேடப் போனார்கள். அதிபரின் கை பொக்கற்றுக்குள் திறப்பைத் தடவியது. பிரதீபா சுவரோரம் நின்று சந்நிதி முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்தாள்.

முன்வரிசை வாங்கில் இருந்த கஜந்தினி மட்டும் மேடத்தின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பினாள். தன் தண்ணீர்ப் போத்தலை வாரோடு கொண்டுபோய் மேடத்தின் வலது தோளில் மாட்டினாள். பின்னுக்கு வந்து ஒற்றைக் கண்ணை மூடினாள்.

"நாட் த சேம்," என்றாள், எல்லோருக்கும் கேட்க.

நிருஷன் தன் புத்தகப்பையோடு ஓடிவந்து அதையும் மாட்டினான். "நாட் த சேம், மேடம்," என்றது பின்வரிசை வாங்கு. இன்னும் இரண்டு போத்தல் ஏறியது. தோளில் சாமி காவுகிறவரைப் போல மேடம் அசையாமல் நின்றார். கடைசியாக ஒரு சாப்பாட்டுப் பெட்டி ஏறியதும் தோள் இரண்டும் மட்டத்துக்கு வந்தன. "போத் சைட்ஸ் ஆர் த சேம்," என்று வகுப்பே கத்தியதில் கூரையிலிருந்த காகங்கள் பறந்தன. பிரதீபாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

"என்ன வேலை செய்யிறியள் உதெல்லாம்," என்று அதிபர் பாய்ந்து வந்தார்.

கஜந்தினி திரும்பினாள். கண் அவருடைய மீசையில் போய் நின்றது. "சேர் நாட் த சேம்," என்றாள் மரியாதையாக.

மேடம் போத்தல்கள் கிலுங்கத் திரும்பிப் பார்த்தார். மீசையின் இடது நுனி காதை விசாரிக்கப் போயிருந்தது. வலது நுனி பாதி வழியில் நின்றிருந்தது. "பிள்ளை சொல்லுறது சரிதானே அதிபர்," என்றார். "ஒரு வசனம் கேட்டனீங்கள். இப்ப உங்களைப் பற்றியே சொல்லியாச்சு. சாயத்தைப் பூட்டவோ போறியள்?"

"நாளைக்குச் சொல்லுறன்," என்று அதிபர் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்குள் ஒரு ஆள் வந்தார். உடுப்பை வைத்துத்தான் அதிபர் என்று அடையாளம் தெரிந்தது. அப்பம் பங்கிட்ட குரங்கைப் போல, அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டிச் சமப்படுத்தி, முழு மீசையும் முடிந்திருந்தது. பிரதீபா சிரிக்காமலிருக்கத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

அதிபர் கஜந்தினிக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தை நேராகக் காட்டினார். அவள் எழும்பி, ஒற்றைக் கண்ணை மூடி, நெடுநேரம் ஆராய்ந்தாள்.

"போத் சைட்ஸ் ஆர் த சேம், சேர்."

அவர் பொக்கற்றிலிருந்து அலுமாரித் திறப்பை எடுத்துப் பிரதீபாவின் மேசையில் வைத்துவிட்டு அவசரமாக வாசலுக்குத் திரும்பினார். மீசை இருந்திருந்தால் அந்தச் சிரிப்பை அதற்குள் மறைத்திருப்பார்.