ஒஸ்தியாவில் அம்மா பாடியது

ரயிலில் இரண்டே நிறுத்தம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டும் ஒர்னெல்லா பழைய ஒஸ்தியாவின் இடிபாடுகளுக்குள் கால்வைத்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தம்பி தூலியோ தூரீனிலிருந்து வந்து பிடிவாதம் பிடித்திராவிட்டால் இப்போதும் போயிருக்க மாட்டாள்.

கார் தொழிற்சாலை வேலைக்கென்று இருபது வயதில் வடக்கே போனவன், ஓய்வு பெற்றபின் முதல்முறையாக ஒரு வாரம் முழுதாகத் தங்க வந்திருந்தான்.

"மெதுவாப் போடா. எனக்கு முட்டி வலிக்குது."

"நீ வா அக்கா. இந்த ஊரு ரெண்டாயிரம் வருஷமா இங்கதான் இருக்கு, ஓடிப்போயிடாது."

"அப்ப நீ ஏன் ஓடுற?"

ஒரு காலத்தில் ரோமுக்கே தானியம் இறக்கிய துறைமுகம் அது. கடல் எப்போதோ பின்வாங்கிவிட்டது. பெரிய கருங்கற்கள் பாவிய தெருவின் இருபக்கமும் கூரையில்லாத செங்கல் வீடுகள் நின்றன. வழியில் கிடந்த பைன் காயொன்றை எடுத்து, ஒர்னெல்லா கொட்டைகளை உதிர்த்தாள். சின்ன வயதில் ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பத்தோடு சாப்பாடு கட்டிக்கொண்டு இங்கே வருவார்கள். இருவரும் கல்லால் கொட்டை உடைத்துத் தின்று, ஓட்டின் கறுப்புத் தூள் அப்பிய கையோடு வீடு திரும்பி அடி வாங்குவார்கள். அந்த மண்வாசனைகூட மாறவில்லை.

தூலியோ நேரே நாடக அரங்குக்குப் போனான். அரைவட்டப் படிகளில் ஏறி உட்கார்ந்து, கீழே மேடையைக் காட்டினான்.

"அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் அம்மா நின்னு பாடினாங்க. எனக்கு நாலு வயசு இருக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. அம்மாவப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கறது அந்த ஒண்ணுதான் அக்கா. முகம்கூடப் போட்டோ பார்த்துத்தான் தெரியும். ஆனா அந்தக் குரல் அப்படியே காதுல நிக்குது."

அவனுடைய ஐந்தாவது வயதில் அம்மா இறந்துபோனாள். ஒர்னெல்லா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.

"அது அம்மா இல்லடா. அசுந்தா சித்தி."

"சும்மா இரு."

"சித்திதான். பச்சைக் கவுன் போட்டுட்டு, ரெண்டு கிளாஸ் வைன் உள்ள போனதும் மேடையில ஏறிட்டாங்க. அம்மாவுக்கு நாலு பேர் முன்னால வாயே திறக்காதே."

தூலியோவின் முகம் வெளிறியது. "உனக்கு எல்லாமே இருக்கு. பதினொரு வயசு வரைக்கும் அம்மா உன் கூடவே இருந்தாங்க. எனக்கு இருந்த ஒண்ணையும் பிடுங்கிட்ட." எழுந்து விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான்.

அவள் மடியில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே முட்டை அடையும், பச்சை மொச்சையும், ஆட்டுப்பால் சீஸும். காலையில் அவனுக்காகவே செய்தது. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எதிரே காலி மேடையைப் பார்க்கப் பார்க்க அந்த மதியம் முழுசாகக் கண்முன் வந்தது. சட்டென்று எழுந்தாள்.

அரங்குக்குப் பின்னாலிருந்த சதுக்கத்தில் அவனைக் கண்டுபிடித்தாள். தரையில் பழங்கால வணிகர்கள் கறுப்பு வெள்ளைக் கல்லில் பதித்த படங்கள்: கப்பல், கலங்கரை விளக்கம், யானை. அவன் யானையை வெறித்துக்கொண்டு நின்றான்.

"டேய், அன்னைக்கி உனக்கு வெயில் ஒத்துக்கல. வாந்தி எடுத்துட்டு அழுதுட்டே இருந்த. அம்மா கடைசிப் படியில உன்ன மடியில போட்டு, தலையில ஈரத்துண்டு கட்டி வச்சிருந்தாங்க. மேடையில சித்தி பாடப் பாட, அம்மா உன் காதுகிட்ட அதே பாட்ட முணுமுணுத்துட்டே இருந்தாங்க, உதடு அசையறதுல தெரிஞ்சுது. எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நானும் பக்கத்துல போய்ச் சாய்ஞ்சேன், எனக்குக் கேக்கவே இல்ல."

அவன் திரும்பினான். "நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?"

"நான் உனக்காக என்னைக்குடா பொய் சொல்லியிருக்கேன்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பிறகு மெல்ல அந்தப் பாட்டை முனகினான். கடலோடிக்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. இரண்டாவது அடியில் தடுமாறியபோது ஒர்னெல்லா சேர்ந்துகொண்டாள். சொற்கள் அவளிடம் இருந்தன. மெட்டில் ஓரிடத்தில் அம்மா இழுத்திருக்கும் ஒரு சின்ன நெளிவு அவனிடம்தான் இருந்தது. சித்தி பாடியதில் அது இல்லை; அவள் அதைக் கேட்டதே இல்லை.

"இன்னொரு தடவை பாடு" என்றாள்.

வேலியோரம் நின்ற காவல்காரப் பெண் பையைப் பார்த்துவிட்டாள். "இங்க சாப்பிடக் கூடாதும்மா."

"சாப்பிடலையே, பாடிட்டு இருக்கோம்" என்றாள் ஒர்னெல்லா.

"அதுக்கு ஒண்ணும் தடையில்ல" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

ரயில் நிலையத்து பெஞ்சில் பையைப் பிரித்தார்கள். தூலியோ மொச்சையை உரித்தபடி, அம்மா கோபம் வந்தால் எப்படித் திட்டுவாள், எந்தக் கையால் எழுதுவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரயில் வந்து நின்று, கிளம்பிப் போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.