எண்பதாயிரம் நடந்து போவுது

பெர்சிசுக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. நேற்று முழுக்கக் கான்கிரீட் சட்டி சுமந்த கழுத்து. அந்தக் கழுத்தோடுதான் குற்றாலத்து அரசு வங்கியில் விஜயசங்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வருஷம் சித்தாள் வேலை பார்த்து வாங்கிய இரண்டு பவுன் சங்கிலி இங்கே அடகில் கிடந்தது. வட்டி மட்டும் கட்டினால் போதாது, எண்பதாயிரம் முதலையும் கட்டி நகையை மீட்டு, மறுபடி வைக்க வேண்டும் என்றது வங்கி. வட்டியைச் சேர்த்துவைத்திருந்தாள். முதலுக்குத்தான் விஜயசங்கர். தென்காசியில் ஒரு தனியார் நகைக்கடன் கம்பெனி ஆள். மீட்கப் பணம் கட்டுவான். மறு அடகுப் பணம் வந்ததும் எடுத்துக்கொள்வான். கமிஷன் எண்ணூறு.

"கவர்மென்ட்டு பேங்குன்னா நம்ம பேங்குங்காவ. நம்ம பேங்குல நம்ம நகைய வைக்க உங்க முதலாளி துட்டு வேண்டியிருக்கு, பாத்தியா தம்பி."

"அதானக்கா எங்க பொழப்பே."

பணத்தைக் கட்டிச் சங்கிலியை வாங்கியாயிற்று. திருப்பி வைக்கப் போனால் சர்வர் படுத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார் ஆபீசர்.

"நாலு மணி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா எங்க கம்பெனிலதான் வைக்கணும்," என்றான் விஜயசங்கர். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். இந்த வங்கியில் அதில் பாதிகூட இல்லை.

பையில் வைக்கப் பயந்து சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே சாரல். மலை பாதிக்குமேல் மேகமாகிப் போயிருந்தது. கால் தானாக அருவிப் பக்கம் போயிற்று. "மேடம், மங்குஸ்தான் பாருங்க," என்றது ஒரு குரல். எந்த மேடம் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் விஜயசங்கர்தான் வந்துகொண்டிருந்தான்.

"என்ன தம்பி, பின்னாலயே வார?"

"எண்பதாயிரம் நடந்து போவுதுல்லா, அக்கா."

குடையை நீட்டினான். அவளுக்கா சங்கிலிக்கா என்று தெரியவில்லை.

அருவிச் சத்தம் மற்றச் சத்தங்களையெல்லாம் விழுங்கியது. சங்கிலியின் கண்ணிக்குக் கண்ணி சாரல் பொட்டுப்பொட்டாக ஒட்டியது. இந்த நேரத்துக்குச் சங்கிலி அரசாங்கத்துப் பூட்டிலும் இல்லை, முதலாளி பூட்டிலும் இல்லை. பஸ்ஸில் வந்திறங்கி, குளித்து, வடை தின்று ஊர் திரும்பப்போகிற யாரோ ஒருத்தியின் கழுத்து போலிருந்தது அவள் கழுத்து. அந்த ஒருத்தியாகவே கொஞ்ச நேரம் நின்றாள்.

நாலு மணிக்கும் சர்வர் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வாங்கம்மா," என்றார் ஆபீசர். அவரைத் திட்டவும் தோன்றவில்லை. அவரும் செத்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நா பொறு தம்பி. சங்கிலிய நீயே வச்சுக்க."

"நான் பொறுப்பேன்க்கா. முதலாளி துட்டு பொறுக்காது."

தென்காசிக் கம்பெனியில் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. டீகூடக் கொடுத்தார்கள்.

"நாளைக்கே மீட்டு அங்கன கொண்டுபோயி வச்சிருவேன்," என்றாள்.

"மீட்கத் துட்டு வேணும்லா? சொல்லுங்க, நானே தாரேன்."

"அதுக்கும் கமிஷனா?"

"அதுக்கும் அதே எண்ணூறுதான்க்கா."

அவள் கைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. சங்கிலிக்குக் கம்பெனி கொடுத்த எண்பதாயிரம் காலையில் விஜயசங்கர் கட்டிய பணத்துக்கு நேர் செய்யப்பட்டுவிட்டது. பெர்சிஸ் கம்பெனிக்குத் தர வேண்டியது எண்பதாயிரம், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியோடு. விஜயசங்கருக்கு இன்றைய கமிஷன் எண்ணூறு.